உப்பு கரைந்த வெள்ளம்

லீலாக்கா, என் பொன்னக்கா,

நீ போன பிறகு நம் வேதியியல் துறையில் உன் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. மரியாதைக்காக ஒன்றுமில்லை, உட்கார ஆள் இல்லை. வருகிற ஜூனோடு தமிழ்வழி வகுப்பை மூடுகிறார்கள். பிள்ளைகள் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டார்கள். மார்த்தாண்டத்தில் மீன்கடைக்கு எதிரேகூட, வெளிநாடு போகிறவர்களுக்கு ஜெர்மன் சொல்லித்தருவதாகப் போர்டு தொங்குகிறது. மிச்சமிருக்கிற நாலு பேரும் கட்டுரையைப் போனிடம் எழுதி வாங்கி வருகிறார்கள். பிழையே இல்லை, படிக்கத்தான் சலிப்பாக இருக்கிறது.

விடைத்தாள் திருத்தப் போன அந்த மதியம் நினைவிருக்கிறதா? 'உப்பு வெள்ளத்தில் கரையும்' என்று நம்மூர்ப் பிள்ளை எழுதியதை, மதுரைக்காரர் ஒருவர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். சோற்றுப் பொதியைப் பாதி பிரித்தபடியே நீ எழுந்து போனாய்.

"சாரே, எங்க ஊர்ல வெள்ளம்னா குடிக்கியது. வீட்டுக்குள்ள ஏறி வாறது இல்ல."

அவர் மார்க் போடும்வரை நீ நகரவில்லை. உன் பொதியிலிருந்த பொரித்த மீனை நான்தான் தின்றேன்.

உன் மகள் ஜெனி மேல்படிப்புக்கு ஜெர்மனி போயிருக்கிறாள், அக்கா. போ என்று சொன்னது நான். உன்னிடம் கேட்க வழியில்லையே. அங்கே பாடம் சொல்வதைவிட, 'நீ என்ன நினைக்கிறாய்' என்று கேட்பதுதான் அதிகமாம். இவள் வாயே திறக்கவில்லை. போன மாதம் அழுதாள்.

"சித்தி, நான் திரும்பி வந்துரட்டா?"

"கொஞ்சம் பொறு மக்கா" என்றேன். அனுப்பியது தப்போ என்று எனக்கு உறக்கமே போய்விட்டது.

நேற்று சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள். ஆய்வகக் குறிப்பைத் தமிழில் பேசி, போனிடம் மொழிபெயர்க்கக் கொடுத்திருக்கிறாள். உப்பை வெள்ளத்தில் கரைத்தேன் என்று இவள் சொன்னதை, அது ஊரை அடித்துக்கொண்டு போகிற வெள்ளமாக ஆக்கிவிட்டது. வகுப்பே சிரித்திருக்கிறது. பேராசிரியர் மட்டும், இந்த வெள்ளம் எங்கே வந்தது என்று கேட்டாராம்.

"பொறவு நீ என்ன செஞ்ச?"

"எழும்பி நின்னு சொன்னேன் சித்தி. எங்க ஊர்ல வெள்ளம்னா குடிக்கியதுன்னு. எங்கம்மை இதுக்காவ ஒரு சார்ட்ட சண்டை போட்டிருக்கான்னு. பேச ஆரம்பிச்சா நிறுத்த முடியல."

திரும்பி வருவதைப் பற்றி அவள் பேச்செடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தச் சண்டையை நீ அவளிடம் எப்போது சொன்னாய், அக்கா?

வகுப்பை மூடும்வரை யார் தாளிலும் அந்தச் சொல்லை நான் அடிக்க மாட்டேன். ஜெனி லீவுக்கு வந்ததும் உன் கல்லறைக்குக் கூட்டி வருகிறேன். இனி அவள் பேசுவாள், நீ கேட்டுக்கொண்டிரு.

உன் மகளுக்குச் சித்தி,
உனக்கு என்றும் தங்கச்சி,
தங்கம்