கற்பூரம் என்று சொல்லி விற்ற களிம்பு

அண்ணி,

இன்று காலை கடையில் புதுச் சரக்குப் பெட்டியை உடைத்தார்கள். பன்னீர் வாசம் பின்கட்டு வரைக்கும் வந்தது. நீங்கள் பூசிய அதே களிம்பின் வாசம். கொதிக்கிற உலையை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். கடை வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். அதே டப்பிகள்.

உங்கள் தோலுக்கு எதுவும் ஒத்துக்கொள்ளாது. குங்குமம் வைத்தால் நெற்றி தடிக்கும், சீயக்காய் பட்டால் கழுத்தெல்லாம் அரிக்கும். அதனால் எது வந்தாலும், "இதுல என்னென்ன கலந்திருக்கு?" என்று கேட்பீர்கள். முழங்கை மடிப்பில் ஒரு பொட்டுத் தடவி, மறுநாள் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குக் கொண்டுபோவீர்கள். பதுளைக் கடைத்தெருப் பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். "மகாராணித் தோலு" என்றார்கள்.

களிம்பு கொண்டுவந்த வியாபாரியிடமும் கேட்டீர்கள். "கற்பூரந்தாங்கம்மா. சாமிக்கு ஏத்துறது, உங்களை என்ன செய்யும்?" என்றான். டப்பியை மோந்து பார்த்து, "கற்பூர வாசமே இல்லையே" என்றீர்கள். மறுநாள் முழங்கை மடிப்பு சிவந்து கிடந்தது. அண்ணனிடம் காட்டினீர்கள். அவர் கையைப் பார்க்கவேயில்லை.

"நம்ம கடைச் சரக்க நீயே பூசலைன்னா எவ வாங்குவா? மொதல்ல எரியத்தான் செய்யும். கறுப்பு கழண்டு வரும்."

தேர்த் திருவிழாவில் அவர் பெண்டாட்டி வெளுத்த முகத்தோடு நிற்க வேண்டுமாம். தினமும் பூசினீர்கள். முகம் வெளுத்தது, டப்பிகள் ஹாலிஎல வரைக்கும் விற்றுப்போயின. அப்புறம் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. கஞ்சி இறங்கவில்லை, காலும் முகமும் ஊதிப்போயின. வைத்தியர் உங்கள் வாயைப் பார்த்ததுமே, "ரசகற்பூரம் ஏதும் சேத்துக்கிட்டீங்களா? அது பாதரச நஞ்சும்மா" என்றார். நீங்கள் டப்பியைக் கைகாட்டினீர்கள். 'ரச' என்ற ரெண்டு எழுத்தை அந்த வியாபாரி முழுங்கியதில் உங்கள் உயிர் போனது.

"அவ விதி" என்றார் அண்ணன். விதியாம்! விதியை டப்பியில் அடைத்து மூடி போட்டு விற்றது யார்? உங்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு அண்ணி. கண்டுபிடித்ததே நீங்கள்தானே. பிறகு ஏன் அவர் பேச்சுக்குத் தலையாட்டினீர்கள்?

மத்தியானம் பசறைப் பக்கத் தோட்டத்திலிருந்து ஒருத்தி மகளுக்குக் கல்யாணச் சாமான் வாங்க வந்திருந்தாள். மகள் அந்தக் களிம்பை எடுத்து, "இதுல என்னங்க போட்டிருக்காங்க?" என்று கேட்டாள்.

"கற்பூரம்" என்றார் அண்ணன், கூசாமல்.

நான் கடைக்குள்ளேயே போய்விட்டேன். "ரசகற்பூரம்! எங்க அண்ணியக் கொன்னது இதுதான். கீழ வையி!"

அவள் பதறி வைத்துவிட்டாள். "எஞ் சோத்தத் தின்னுட்டு எனக்கே வாய்க்கரிசி போடுறியா? உள்ள போடி!" என்று அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் கத்தினார்.

போகவில்லை அண்ணி. கடை சாத்துகிற வரைக்கும் அங்கேயே நின்றேன். நாளைக்கும் நிற்பேன்.