கடுகுத் தலையணை

ஜூன் 9, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கடைக்கு லீவு. கிழக்கேகோட்டையில் பரோட்டா தின்பவர்களுக்கு இன்று கெட்ட நாள், பரோட்டா மாஸ்டர் நான் வீட்டில்.

தங்கை ஷீபா நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து நம் வீட்டுக்கு வந்தாள். ஆண் குழந்தை. மூக்கு அப்படியே என்னுடையது. யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

மத்தியானம் மலையோர ஊரான வித்துராவிலிருந்து அவள் மாமியாரின் போன். என் மனைவி கிரேஸ் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா இல்லாத வீடு. தாயையும் பிள்ளையையும் அங்க ஆரு பாப்பா? ஞாயிறாழ்ச்ச வருவேன். சரியில்லேன்னா கையோட கூட்டிட்டுப் போயிருவேன், கேட்டோ."

கிரேஸ் அடுக்களைக்குப் போனதும் ஷீபா மெதுவாக: "ஞானஸ்நானம் வரைக்கும் இங்க கெடக்கேன் அண்ணே. அங்க போனா மறுநாளே அடுப்புமுன்ன நிக்கணும்."

யோசித்தேன். எனக்கு யோசனை சீக்கிரம் வரும். படுக்கை ராஜபடுக்கையாக இருந்தால் அவள் மாமியார், எனக்கும் அத்தைதான், வாயே திறக்கமாட்டார்.

ஷீபாவுக்குத் தலையணை - 2, இலவம்பஞ்சு.
பிள்ளைக்கு - 1, கடுகு. தலை உருண்டையாக வரும்.
உறை - 6. மாற்றிப் போட.

ஜூன் 10, செவ்வாய்

மழை. கோடுபோட்ட கெட்டித் துணி, பஞ்சு, கடுகு, எல்லாம் வாங்கியாயிற்று. கடைக்காரன் என் கை துணியைத் தடவும் விதத்தைப் பார்த்து, "சேட்டன் டெய்லரா?" என்றான். ஆமாம் என்றேன். பொய்யில்லை. சின்ன வயதில் மார்த்தாண்டத்தில் கலெக்டர் சட்டைக்கே பட்டன் தைத்தவன். (கலெக்டர் ஆபீஸ் பியூன் சட்டை என்பாள் கிரேஸ். ஆபீஸ் ஒன்றுதானே.)

கிரேஸின் மெஷினில் உட்கார்ந்தேன். முதல் தலையணைக்குத் தையல் காற்றாய்ப் பறந்தது. நாலு பக்கமும் அடித்து முடித்துத் தூக்கிக் காட்டினேன்.

"பஞ்சு எந்த வழியா உள்ள போவும்?" கிரேஸ்.

தையலின் பலம் பார்க்க அப்படி அடித்தேன் என்றேன். பிரித்தேன். நல்ல பலம்; பிரிக்கவே ரொம்ப நேரம்.

பஞ்சை மட்டும் விரலால் பிய்த்துப் பிய்த்து விரித்தேன். மைதா பிசைகிற கை. ஒரு கட்டிகூட விடாது.

ஜூன் 11, புதன்

கடுகைக் கழுவி ஊறப்போட்டேன். ஓட்டலில் மூணு தண்ணி பார்க்காத எதுவும் அடுப்பேறாது. பிள்ளை தலை வைக்கிற சாமான் அழுக்காகவா?

"கடுக ஆராவது கழுவுவாங்களா?" கிரேஸ்.

"வெவரம் உள்ளவன் கழுவுவான்."

ஜூன் 12, வியாழன்

வெயில் இல்லை. கடுகை ஃபேனுக்கடியில் விரித்தேன். கரண்ட் போயிற்று. தொட்டுப் பார்த்தால் காய்ந்த மாதிரிதான். நிரப்பி இரட்டைத் தையல். மஞ்சள் உறை, ஓரத்தில் சிவப்பு நாடா.

பிள்ளைக்குத் தலையணையே வேண்டாமென்று நர்சு சொன்னாளாம், ஷீபா சொல்கிறாள். கட்டிலில் காட்சிக்கு இருக்கட்டும் என்றேன். அத்தை வரும்வரை அழுக்குப் படாமல் பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தாயிற்று.

ஷீபாவின் தலையணை ஒன்று உயரம், ஒன்று தட்டை. ராத்திரிக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று. அப்படித்தான் தைத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்குக் கோவிலுக்குப் போகவில்லை. மழை.

அத்தை பஸ்ஸில் நனைந்து வந்து சேர்ந்தார். சுவரைத் தொட்டார், ஈரம். ஜன்னலைப் பார்த்தார், ஒழுகல். காட்டவேண்டிய நேரம் என்று கவரைப் பிரித்துக் கடுகுத் தலையணையை நீட்டினேன்.

உறைக்குள் என்னவோ கொழகொழவென்று. அத்தை உறையை உருவினார். தையல் ஓரமெல்லாம் வெள்ளை முளை. நுனியில் பச்சை.

"இது என்ன தம்பி, தலையணையா தோட்டமா?"

"வித்துரால இந்த ரகம் கெடைக்காது அத்தே."

ஷீபா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அய்யோ, வயித்துத் தையல் வலிக்கு!" ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் முதல் சிரிப்பு.

அத்தை சிரிக்கவில்லை. "மதி, போதும். துணிமணிய எடு மோளே. போவலாம்."

ஷீபா சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

துணி மடிக்க அத்தை கட்டிலில் உட்கார்ந்தார். உயரத் தலையணையை முதுகுக்கு வைத்தார். மலைப்பாதை வளைவெல்லாம் குலுங்கி வந்த உடம்பு. கொஞ்சம் சாய்ந்தார். குறட்டை. யாரும் எழுப்பவில்லை. கிரேஸ் மிக்ஸிகூடப் போடாமல் அம்மியில் அரைத்தாள்.

சாயங்காலம் கண் விழித்துத் தலையணையை அமுக்கிப் பார்த்தார்.

"இது எந்தக் கடை?"

"நான் தச்சது."

"சும்மா இரும்."

"அண்ணன்தான் தச்சாங்க," ஷீபா. சுவரைப் பார்த்தபடியே.

இன்னொரு அமுக்கு. "பஞ்சு நல்லா விரிஞ்சிருக்கு." தலையணையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "செரி. ஞானஸ்நானம் வர அவ இங்க நிக்கட்டும். நானும் நிக்கேன். கடுக நனைக்கிற ஆள நம்பி விட ஏலுமா?"

ஷீபா எங்கள் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஜூன் 16, திங்கள்

மழை. கடையில் கூட்டம், நேற்று ஒருநாள் நான் இல்லாததில் தவித்துப்போயிருக்கிறார்கள்.

என் கட்டில் அத்தைக்கு. எனக்குப் பாய். உயரத் தலையணையும் அத்தை எடுத்துக்கொண்டார். கடுகு பழைய வாளியில், இரண்டு இலை விட்டிருக்கிறது.

ஷீபாவுக்கு இன்னொன்று தைக்கணும். பஞ்சு வாங்கி வந்தாயிற்று. கழுவக்கூடாது என்று கிரேஸ் இரண்டு தடவை சொல்லிவிட்டாள்.