முதுகை மட்டும் காட்டிய என் ருக்குமணிக்கு

என் பொன்னு மகள் ருக்கு,

நீ இருக்கும் இடத்தில் மூச்சு வாங்காமல் இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

போன வாரம் உனக்குத் திதி கொடுத்தோம். வெல்லம் போட்டுக் கச்சாயம் சுட்டு வைத்தேன். காக்கா வந்து எடுக்கிற வரைக்கும் மாப்பிள்ளை தலையைத் தூக்கவில்லை. நிலக்கடலை இந்த வருசம் சுமார்தான். செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது.

உன் மகள் பூங்கொடி பக்கத்துச் சித்தூர் காலேஜுக்குப் போகிறாள், தெரியுமா? நான் ஐந்தாம் வகுப்போடு நின்றேன், நீ எட்டோடு நின்றாய். அவள் பஸ்ஸில் ஏறும்போது யாராவது 'இது யார் பொண்ணு' என்று கேட்க மாட்டார்களா என்று நான் காத்து நிற்கிறேன். கேட்டால் நம் ஊர் எலப்புள்ளி முழுக்கக் கேட்கிற மாதிரிப் பதில் சொல்வேன். இந்தப் பெருமையில் பாதி உன்னுடையது. அதை யாரிடம் கொடுப்பது?

உன்னிடம் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன் ருக்கு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நாலு பேர் படிக்கட்டும் என்று அச்சிலும் போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் இடது மாரில் கட்டி வந்தது நம் வீட்டு நடையைத் தாண்டக் கூடாது என்றாய். 'பொட்டப்புள்ளைய வெச்சிருக்கறேன், அந்த நோவுப் பேரை வாயில எடுத்தா எவன் பொண்ணு கேட்டு வருவான்?' என்று உன் புருசனிடமும் என்னிடமும் கை நீட்டிச் சத்தியம் வாங்கினாய். மதராசில் அறுத்தார்கள். கக்கத்திலும் பரவியிருக்கிறதென்று சிவப்பு மருந்து ஏற்றினார்கள். முடி கொத்துக் கொத்தாய்க் கொட்டியது. நீ திரும்பும் வழியில் பழனியில் இறங்கிப் பஞ்சாமிர்தம் வாங்கி வந்தாய், மொட்டை போட்டதாக ஊருக்குச் சொல்ல. வீடு வீடாகக் கொடுத்தோம். எல்லோரும் விரலை நக்கிக்கொண்டு உன் பக்தியைப் புகழ்ந்தார்கள். நீ அடுப்படியில் உட்கார்ந்து வாயைப் பொத்திச் சிரித்தாய். உன் கடைசிச் சிரிப்பு அதுதான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

கட்டி போய்விட்டது. திரும்ப வரவில்லை. நாம் ஜெயித்துவிட்டோம் என்றுதானே நினைத்தோம்?

பிறகு வாய்க்கால் மேட்டில் ஏறினாலே உனக்கு மூச்சு வாங்கியது. மாப்பிள்ளை பாலக்காட்டில் ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனார். முன்னே ஏதாவது நோய் உண்டா என்று டாக்டர் கேட்டதற்கு இல்லையென்று தலையாட்டினாயாம். நெஞ்சில் வைத்துப் பார்க்க அவர் குழலை எடுத்ததும் நீ திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாயாம். இந்தப் பக்கத்துப் பெண்களுக்குக் கூச்சம் என்று அவரும் வற்புறுத்தவில்லை. முன்பக்கம், அறுத்த இடத்தில் நீ மடித்து வைத்திருந்த துணி அவருக்குத் தெரியாது. இளைப்பு என்று மாத்திரை கொடுத்தார். ஒவ்வொரு முறையும் முதுகையே காட்டினாய். கால் வீங்கியது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்தே கிடந்தாய்.

உன்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது நானும் இருந்தேன். நர்ஸ் ரவிக்கையைக் கழற்றியதும் அந்தத் துணி விழுந்தது. அங்கேயும் அதே டாக்டர்தான். தழும்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

'இது ஆத்யமே பறயண்டே அம்மே?' என்று மலையாளத்தில் கத்தினார். முதலிலேயே சொல்ல வேண்டாமா என்றார். விழுந்த துணியை எடுத்து மறுபடி மடித்தேன்.

நீ போன பிறகு அவரே என்னை உட்கார வைத்துச் சொன்னார். கோபம் போயிருந்தது. உன்னைக் கொன்றது கட்டி இல்லை, கட்டியைக் கொன்ற மருந்து என்றார். அது பெருகுகிற அணுக்களைத் தேடிக் கொல்லுமாம். போகிற வழியில் இருதயத்துச் சதையையும் நோகடிக்குமாம். எனக்கு நம் வயல்தான் ஞாபகம் வந்தது. நெல்லில் புழுவுக்கு மருந்தடித்த வருசம் வாய்க்கால் மீனெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதக்கவில்லையா?

'செத்த சதை மறுபடி முளைக்காதுங்களா?' என்று கேட்டேன்.

'இல்லம்மா. இருதயம் அப்படித்தான்' என்றார் அரைகுறைத் தமிழில்.

யோசித்துப் பார் ருக்கு. நிறுத்தாமல் பெருகுகிற ஒன்றும் திரும்ப முளைக்கத் தெரியாத ஒன்றும் உன் நெஞ்சில் பக்கத்துப் பக்கத்தில் இருந்திருக்கின்றன. பலம் போன மோட்டார் தண்ணீரைத் தள்ளாத மாதிரி இருதயம் ரத்தத்தைத் தள்ளவில்லை. தண்ணீர் நுரையீரலில் தேங்கியது, காலில் இறங்கியது. இளைப்பு மாத்திரை களைத்த இருதயத்தை இன்னும் விரட்டியதாம். அந்தச் சிவப்பு மருந்து ஏற்றியது தெரிந்திருந்தால் உப்பைக் குறைத்து, நீர் பிரிய மருந்து கொடுத்து, இன்னும் கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம் என்றார்.

நீயோ கஞ்சிக்கு உப்பு நார்த்தங்காய் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றாய்.

இனி நான் செய்த காரியம். போன மாசம் பூங்கொடியைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம், தோட்டம் துரவு உண்டு. காப்பி குடித்து முடித்ததும் பையனின் அம்மா மெதுவாகக் கேட்டாள்.

'ஏனுங்க, பொண்ணோட அம்மாளுக்கு என்னங்க நோவு?'

'இருதயமுங்க. திடீர்னு போயிருச்சுங்க' என்றார் மாப்பிள்ளை.

உன் மகள் தட்டை ஏந்திக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தேன். நாளைக்கு இவளுக்கு ஒன்று வந்தால் இவளும் டாக்டருக்கு முதுகைத்தான் காட்டுவாள் என்று பட்டது. என் வாய் தானாகத் திறந்தது.

'இருதயந்தானுங்க. அதுக்கு மின்னால மாருல புத்துங்க. அதுக்குக் குடுத்த மருந்துதானுங்க இருதயத்தைத் தின்னுச்சு' என்றேன்.

பையனின் அம்மா காப்பித் தம்ளரைத் தள்ளி வைத்தாள். வந்தவர்களில் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டார். 'இதையெல்லாம் மொதல்லயே சொல்றதில்லீங்களா?' என்றார். டாக்டர் கேட்ட அதே கேள்வி!

அவர்கள் போனதும் மாப்பிள்ளை என் முன்னால் வந்து நின்றார். 'உங்க வாய்க்கு இன்னைக்குத்தான் நாள் கெடைச்சுதுங்களா அத்தை? அவ உசுரைக் குடுத்துக் காப்பாத்துன விசயமுங்க' என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அன்று முதல் என்னோடு பேச்சில்லை.

பூங்கொடி என்னைத் திட்டவில்லை. 'அந்தப் பையன் மூக்கைப் பாத்தீங்களா அம்மாயி? மம்பட்டிப் பிடியாட்ட' என்றாள். சிரித்துக்கொண்டே மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவள் வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். கன்றுக்குட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். முதுகு குலுங்கியது. அதற்குப் பிறகு ஒரு ஜாதகமும் வரவில்லை. செய்தது சரியா ருக்கு? நீ இருந்தால் என் முகத்தில் முழிப்பாயா?

பேச்சு ஊரில் சுற்றியது. சுற்றியதால்தான் ஒருத்தி புழக்கடை வழியாக வந்தாள். பெயரும் ஊரும் எழுத மாட்டேன். இவ்வளவு எழுதவே அவளிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். கிணற்றடிக்கு வருவதற்குள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

'உங்க புள்ளைக்கும் மொதல்ல மூச்சுதான் வாங்குச்சுங்களா?'

'ஆமா கண்ணு. உனக்கு?'

'எங்க ஊட்டுல எளைப்புன்னு சொல்லியிருக்கறமுங்க' என்றாள். பிறகு இடது பக்க முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். 'எனக்கும் செவப்பு மருந்து ஏத்துனாங்க. யாருக்கும் தெரியாதுங்க. பொண்ணு பெரியவளாயிட்டா.'

உட்கார வைத்து அவள் காலை விரலால் அமுக்கினேன். பள்ளம் விழுந்தது. எடுத்த பிறகும் மேலே வரவில்லை. உன் காலில் நான் பார்த்த அதே பள்ளம்.

அவளைக் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. போன சதை முளைக்காது. காலம் கடந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது.

நாளைக் காலையில் அவளை அதே டாக்டரிடம் கூட்டிப் போகிறேன். பூங்கொடியும் காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வருகிறாள். குழலை எடுத்ததும் இவள் திரும்பி உட்காருவாள், தெரியும். தோளைப் பிடித்து முன்னால் திருப்புவேன். அவள் வாயடைத்துப் போனால் நான் சொல்வேன். உனக்குச் செய்து கொடுத்த சத்தியத்தை உடைத்தவள், உன் பேரில் இந்தச் சத்தியத்தைச் செய்கிறேன். இதை உடைக்க மாட்டேன் சாமி.

உன்னைப் பெற்றவள்,
பூங்கொடியின் அம்மாயி