சோறு ஏற்றி வந்த லாரிக்காரனுக்கு

என் அன்பு மச்சான் தங்கவேலுவுக்கு,

நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். அதனால் அவமானத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு காலையில், தோட்டத்துக் கேட்டில், ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிற பெண்கள் எல்லாரும் வரிசையில் நிற்க, என் சட்டைக்குள்ளிருந்து ஒரு காதல் காட்சி கீழே விழுந்தது.

கேட் எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். நீ போன பிறகு நம் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள், மச்சான். காட்டுக்குள் துப்பாக்கியோடு ஒளிந்திருக்கிற கம்யூனிஸ்டுகளுக்கு நம் வழியாகச் சாப்பாடு போய்விடக் கூடாதாம். வேலைக்கு வெளியே போகிற ஒவ்வொருவரையும் சோதித்துத்தான் விடுகிறார்கள். ஒரு பிடி சோறு இருந்தாலும் ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். கடையில் மீன் டின் வாங்கினால் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்கிறார். அன்றைக்கே தின்று தீர்த்துவிட வேண்டும். நான் வெறும் வயிற்றோடு பால் கொட்டகைக்குப் போவதைப் பார்த்து உன் தங்கச்சி ராசம்மா, இப்போதாவது தொப்பை கரையட்டும் என்கிறாள்.

கதைக்கு வருகிறேன். நீ லாரியில் கொண்டுபோய் சிரம்பானில் தபாலில் போட்டாயே, அந்தச் சின்னச் சின்னக் கதைகளை நம்பி பத்திரிகை ஆசிரியர் என்னிடம் தொடர்கதையே கேட்டுவிட்டார். ஐந்தாம் வகுப்போடு நின்று, பால் நிறுக்கிற வேலை பார்ப்பவனிடம்! ஆசை யாரை விட்டது? சரி என்று எழுதிப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகுதான் வாரம் என்பது எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. ஓர் அத்தியாயம் அனுப்பிவிட்டு மூச்சு விடுவதற்குள் அடுத்தது எங்கே என்று கார்டு வந்து நிற்கும்.

அது ஒன்று மட்டும் என்றால் பரவாயில்லை. தீபாவளி மலருக்கு ஒரு கதை ஒப்புக்கொண்டிருக்கிறேன். மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு நாடகம். அதில் ராஜா வேஷம் போடுவது, நம்மை வேலை வாங்குகிற மண்டோர். தான் சாகிற காட்சி நீளமாக வேண்டும் என்று காலைப் பெரட்டில் ஆள் கணக்கு எடுக்கும்போதே எனக்கு ஞாபகப்படுத்துகிறார். அடுத்த நாவலுக்கு ஆசிரியர் விளம்பரமே போட்டுவிட்டார். அந்த நாவலில் இதுவரை நான் எழுதியிருப்பது தலைப்பு. அதையும் மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இந்தத் தொடர்கதையின் நாயகன் ஒரு லாரி டிரைவர். பெயர் வீரய்யா. கடைசி அத்தியாயத்தில் பெடாஸ் பக்கத்து வளைவில் அவன் லாரி உருண்டு அவன் சாகிறான் என்றுதான் திட்டம். எழுதியும் முடித்துவிட்டேன். உறையில் போடும்போது உன் குரல் கேட்டது. ஞாபகம் இருக்கிறதா? என் கதையை வாங்கி லாரி சீட்டுக்கு அடியில் வைக்கும்போதெல்லாம் சொல்வாய்:

"உன் கதையில எல்லாரும் செத்துப் போறாங்க மாப்ளே. ஒருத்தனையாச்சும் உசுரோட விடுலா."

எழுதியதைக் கிழித்தேன். பால் நிறுத்து முடித்த கையோடு, கொட்டகை மேசையிலேயே உட்கார்ந்து புதிதாக எழுதினேன். வீரய்யா பிழைத்தான், காதலியிடம் திரும்பி வந்தான். உயிரோடு விட்டால் அவனுக்குப் பசிக்காதா? அவள் பெரிய சட்டி நிறையச் சோறு ஆக்கிக் கொடுத்தாள். அவன் அதை லாரியில் ஏற்றிக்கொண்டு, நீ செய்தது போலவே, தோட்டத்துக் கடைசி டிவிஷனில் மரம் வெட்டுகிறவர்களுக்குக் கொண்டுபோய்ப் பங்கு போட்டான். அவசரத்தில் எழுதியவனுக்கு முள்கம்பி மறந்து போயிற்று. கை தன் பழக்கத்துக்குப் பழைய காலத்தையே எழுதிவிட்டது.

உன் லாரியை இப்போது ஓட்டுகிற புது டிரைவர் காகிதம் என்றாலே பயப்படுகிறார். ஆகவே கோலா சாவா ரோட்டில் பஸ்காரரிடம் நானே கொடுத்துவிடலாம் என்று, தூறலில் நனையாமல் இருக்கச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனேன். அதுதான் விழுந்தது. சோதித்த மலாய்க்காரத் தம்பிக்குத் தமிழ் தெரியாது. மண்டோரைக் கூப்பிட்டுப் படித்துச் சொல்லச் சொன்னான். நம் மண்டோருக்குத்தான் ஒரே ஒரு குரல் இருக்கிறதே. ஆள் பெயர் கூப்பிடுகிற அதே குரலில், "கண்ணே, உன் கன்னத்தில் நிலா காய்கிறது" என்று வாசித்தார். ஒரு கிழவி "ஆஜர்" என்றாள். வரிசை முழுக்கச் சிரிப்பு. நான் முள்கம்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த பக்கத்தைப் புரட்டினார். சட்டி, சோறு, லாரி. மண்டோர் குரல் தணிந்துவிட்டது. என்ன என்று காவல்காரத் தம்பி கேட்க, அவர் மென்று விழுங்கி மலாயில் சொன்னார். சிரித்த பெண்கள் அத்தனை பேரும் தரையைப் பார்த்தார்கள்.

காகிதம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிற்று. மறுநாள் என்னையும் வரச் சொல்லி ஆள் வந்தது. அப்படிப் போன சிலர் இன்னும் திரும்பவில்லை, மச்சான். சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள் என்கிறார்கள். இந்தியாவில் எனக்கு யாரைத் தெரியும்? ராசம்மா ஒரு சட்டையும் துண்டும் மடித்துக் கொடுத்தாள். நம் பெரியவள் பார்வதி மட்டும், "அப்பா, முடிவு என்னான்னு எங்கிட்டயாச்சும் சொல்லிட்டுப் போங்க" என்றாள். கதையைத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். "பொழச்சுக்குவான்மா" என்றேன்.

இன்ஸ்பெக்டர் தமிழர். மேசை மேல் என் அத்தியாயம் கிடந்தது. எதிரே நிற்கவைத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தார். இவ்வளவு மெதுவாக என் கதையை யாரும் படித்ததில்லை.

"என்னய்யா, சோத்த ஏத்திக்கிட்டுத் தோட்டத்துக்குள்ள போறான் உங்க ஆளு. இத அச்சுல பாத்தா நாலு பேரு என்ன நெனைப்பாங்க?"

பழக்கத்தில் எழுதிவிட்டேன், இது வேலி வருவதற்கு முந்திய கதை என்று குழறினேன்.

"அப்ப அத மேல எழுத வேண்டியதுதானே?"

அவர் பேனாவையே நீட்டினார். "கம்பி வேலி வருவதற்கு முன் நடந்த கதை இது" என்று எழுதினேன். எழுத்துகள் மாட்டு வண்டியில் போவது போல ஆடின. என் வாழ்க்கையிலேயே நான் எழுதிய நல்ல வரி அதுதான். அந்த ஒரு வரி என்னை வீட்டுக்கு அனுப்பிவைத்தது.

அதோடு விட்டாரா? பத்திரிகைக்குப் போகிற நாள் தாண்டிவிடும் என்று நான் முனகியதைக் கேட்டு, தபாலாபீஸ் பக்கம் போகிற ஜீப்பிலேயே உறையைக் கொடுத்தனுப்பினார். முன்னால் ஒரு துப்பாக்கி, பின்னால் ஒரு துப்பாக்கி, நடுவில் என் காதல் காட்சி. உன் லாரியில்கூட இத்தனை பத்திரமாகப் போனதில்லை.

நான் கேட்டுக்குள் நுழைந்தபோது பார்வதி ஓடிவந்தாள். மடித்துக் கொடுத்த சட்டையை ராசம்மா வாங்கிப் பிரித்து உதறி மறுபடி மடித்தாள். அப்புறம்தான் அழுதாள். அன்று சாப்பிட்ட சோற்றுக்கு என்ன ருசி! நாடகம் பாதியில் நிற்கிறது, மலர்க்கதை தொடங்கவில்லை, ஆசிரியரின் புதுக் கார்டு வந்து கிடக்கிறது. எல்லாம் கிடக்கட்டும் என்று தூங்கிவிட்டேன்.

வீரய்யா பிழைத்த அத்தியாயம் இந்த வாரம் வந்துவிட்டது, மச்சான். அடுத்த நாவலிலும் யாரையும் சாகவிட மாட்டேன், இது உனக்கு என் வாக்கு. மண்டோரை மட்டும் விட்டுவிடு. நாடகத்தில் அவர் சாகாவிட்டால் எனக்குத் தோட்டத்தில் வேலை இருக்காது.

ஒன்று பாக்கி இருக்கிறது. நான் ஸ்டேஷனைவிட்டுக் கிளம்பும்போது இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு நிறுத்தினார். "இந்த வீரய்யா, நெசமாவே ஆளு யாரும் இருக்கானா?" என்றார். நீ காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இத்தனை நாள் கழித்து உன்னை யார் என்ன செய்துவிட முடியும்? இருந்தாலும் பயம். "கற்பனை, சார்" என்றேன். அவரும் தலையாட்டிவிட்டார்.

வாய்க்குள் நின்றுபோனது இதுதான்: இருந்தான், சார். அந்தச் சோற்றை நானும் தின்றிருக்கிறேன்.

உன் தங்கச்சி புருஷன்,
அரங்கசாமி