தடைக்காலத்தில் வடிந்த வீக்கம்

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. தம்பி செல்போன் வாங்கியிருக்கிறான். பேச ஆளில்லாவிட்டாலும் காதிலேயே வைத்துக்கொண்டு அலைகிறான். நான் இப்போது இதய நோய் வார்டில் நர்ஸ். வார்டுக்கு வேலை பழக வரும் நர்சிங் மாணவிகள் ‘சிஸ்டர், சிஸ்டர்’ என்று என்னையே சுற்றுகிறார்கள். நீ பார்த்திருந்தால் காசிமேடு முழுக்கத் தண்டோரா போட்டிருப்பாய்.

இந்தக் கடிதம் உன்னிடம் மன்னிப்புக் கேட்கத்தான். நடுவில் கொஞ்சம் சண்டையும் போடுவேன், பொறுத்துக்கொள்.

உன் இதயம் பலவீனமாக இருக்கிறது என்று, உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றக் காலையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். நான் அப்போது நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கிற திமிர் வேறு. தினமும் உன் வீங்கிய காலை விரலால் அழுத்தி, பள்ளம் விழுகிறதா என்று பார்ப்பேன். எடை பார்த்து வரச் சொன்னால் மீன் நிறுக்கிற தராசில் ஏறி நின்றுவிட்டு வந்து, “ஒரு சுறா வெயிட்டு கீறேன்டி” என்று சிரிப்பாய்.

விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அந்தத் தடைக்காலம் நினைவிருக்கிறதா? மீன் வியாபாரம் இல்லாமல் ஒன்றரை மாதம் வீட்டோடு இருந்தாய். கால் வீக்கம் வடிந்தது. மூச்சு வாங்காமல் மாடியேறினாய். கருவாட்டை ஒளித்துவைத்து, குழம்பில் உப்பைக் குறைத்தது நான்தானே? என் வைத்தியம் பலித்துவிட்டது என்று வகுப்பில்கூடப் பீற்றிக்கொண்டேன்.

படகுகள் திரும்பக் கிளம்பியதும் வீக்கமும் திரும்பியது.

“கருவாடு துன்னியா? மூஞ்சப் பாத்து சொல்லு” என்று கத்தினேன்.

“உம்மேல சத்தியமா இல்லடி.”

“மாத்திரை?”

“போட்டுகினுதான் கீறேன்.”

டாக்டரும் அதை நம்பி மாத்திரையின் அளவைக் கூட்டினார். நாலு மாதம்கூட நீ தாங்கவில்லை.

போன வாரம் உன் படையலுக்கு வஞ்சிரம் வாங்கப் போனேன். உன் பக்கத்திலேயே கூடை வைத்து விற்ற கன்னியம்மா அத்தை இருந்தது. வெயிலாக இருக்கிறதே என்று ஒரு டம்ளர் மோர் வாங்கிக் கொடுத்தேன். தொடவே இல்லை.

“வாணாம்மா. குடிச்சா எந்திரிச்சுப் போவணும். பொம்பளைங்களுக்கு இங்க எங்க எடம் கீது? வூட்டுக்குப் போறதுக்குள்ள மதியானம் ஆயிடும்.”

“அம்மா எப்படி அத்தை சமாளிச்சுது?”

“அது யாவாரத்துக்கு வர்ற அன்னிக்கு அந்த மாத்திரையப் போடவே போடாதே. போட்டா சும்மா சும்மா எந்திரிச்சுப் போவணும், எங்க போறது? உனுக்குத் தெரியாதா?”

எனக்குத் தெரியாது, அம்மா. நர்சிங் படித்தவள், உன் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்தவள், எனக்குத் தெரியாது. மீன் பையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்று அழுதேன். தடைக்காலத்தில் உன் வீக்கத்தை வடித்தது என் உப்புச் சட்டம் இல்லை. வீட்டில் ஒரு கக்கூஸ் இருந்தது, அதனால் மாத்திரை போட்டாய், அவ்வளவுதான். நீ செய்த சத்தியத்தை நான் நம்பவில்லை, சொன்ன பொய்யை நம்பினேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை? வெட்கமா? நான் கேட்ட லட்சணத்தில் யாரால்தான் சொல்ல முடியும்?

நேற்று வார்டில் தெரு பெருக்குகிற ஒரு அம்மா படுத்திருந்தார். இதே நீர் மாத்திரையைச் சரியாகப் போடவில்லை என்று ஒரு மாணவி அவரை அதட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தேன்.

“காலைல எத்தினி மணிக்குமா கெளம்புவீங்க? வேலை செய்ற எடத்துல ஒண்ணுக்குப் போவ வசதி கீதா?”

“விடிகாலைல போனா, ரெண்டு மணிக்கு வூட்டுக்கு வந்தாத்தாம்மா” என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரிடம் போய்ச் சொன்னேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும், மதியம் இரண்டு மணிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று சீட்டில் மாற்றி எழுதிக் கொடுத்தார். ஒரே ஒரு வரி. எழுத ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அம்மா.

உனக்கும் அந்த ஒரு வரி கிடைத்திருக்கும். மன்னித்துவிடு. என்னிடம் வேலை பழக வருகிற எந்தப் பெண்ணும் இனி ‘ஏன் போடவில்லை’ என்று நோயாளியை அதட்ட மாட்டாள். ‘போட்டால் எங்கே போவீங்க’ என்று முதலில் கேட்பாள். கேட்க வைப்பேன்.

உன்னிடம் அதைக் கேட்காமல் விட்ட,
உன் மூத்த மகள்
செல்வி