ஆற்றுத்திட்டில் எட்டாம் நாள்

ஸ்ரீமுக வருஷம், பங்குனி 12

எருமைகள் இரண்டும் வெயிலில் நிற்கின்றன. நங்கையா காலையிலிருந்து என் காதில் விழும்படி அவற்றோடு பேசிக்கொண்டிருக்கிறாள். அண்ணன் மனைவி காளியாத்தாளை நான் நங்கையா என்றுதான் கூப்பிடுவது. "உங்க சாளையில புள்ளைங்க படிக்கறாங்கொ. நீங்களும் ஆளுக்கொரு சிலேட்டு வாங்கிட்டு வாங்கொ" என்கிறாள். மாட்டுச்சாளை பள்ளிக்கூடமாகி மூன்று வருஷம் ஆகிறது. இருபத்து மூன்று பெண்பிள்ளைகள். எருமைகளுக்குப் பழகிவிட்டது. நங்கையாவுக்குத்தான் இன்னும் பழகவில்லை.

சித்திரையில் ஆற்றுத்திட்டில் இரு கரைக்காரர்களும் கூடும் மாநாட்டு வேலை தொடங்கியாயிற்று. இந்த வருஷமும் அண்ணன்தான் தலைவர். ஆகவே இந்த வருஷமும் கடிதம் எழுதுவது நான்.

பங்குனி 15

இன்று வகுப்பில் செல்லாத்தாள் எழுந்து, ஊரில் இவ்வளவு இடம் இருக்க ஆற்று நடுவில் ஏன் ஏழு நாள் போய் உட்கார்கிறார்கள் என்று கேட்டாள். மேல்கரை காளிச்சாமியின் மகள். கேள்வி கேட்பதில் அப்பனையே உரித்து வைத்திருக்கிறாள்.

உண்மையைச் சொன்னேன். கரையில் கூட்டம் போட்டால் எந்தக் கரை என்பதிலேயே ஏழு நாளும் போய்விடும். வாய்க்கால் தண்ணீர் முறையில் கீழ்கரைக்கும் மேல்கரைக்கும் என்றைக்கும் ஆகாது. திட்டு யாருடைய பட்டாவிலும் இல்லை. அங்கே விருந்தாளியும் இல்லை, வீட்டுக்காரனும் இல்லை. சித்திரையில் முழங்கால் தண்ணீர்தான், வேட்டியைத் தூக்கிக்கட்டினால் போய்விடலாம்.

"நாம எப்பங்க போறது?" என்றாள்.

முடிந்த மறுநாள், பாத்திரம் தேய்க்க என்றேன். அதுதான் வழக்கம். ஏழு நாளும் பெண்கள் திட்டில் கால் வைப்பதில்லை. சமையல் இக்கரையில். சோற்றை ஆண்கள் சுமந்துபோவார்கள். எட்டாம் நாள் நாங்கள் பிள்ளைகளோடு போய் அண்டாக்களைத் தேய்த்து, மிஞ்சியதைச் சாப்பிட்டுத் திரும்புவோம். செல்லாத்தாள் உட்கார்ந்துகொண்டாள். அந்தப் பதில் அவளுக்குப் போதவில்லை. எனக்கும்தான்.

பங்குனி 21

பள்ளிக்கூட இன்ஸ்பெக்டரிடமிருந்து கடிதம். ஒப்புதல் இல்லாத பள்ளி வைகாசிக்கு மேல் நடக்கக் கூடாது. பிள்ளைகளின் ரட்சாகர்த்தாக்கள் இருபது பேராவது நேரில் தம் முன்னால் வேண்டும் என்று சொன்னால் ஒப்புதல் தருவாராம். மலையாள மேட மாதத்துக்குள், நம் சித்திரைக்குள், முடிய வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைகளை ஆறு மைல் தள்ளியிருக்கும் மலையாளப் பள்ளிக்கு அனுப்பலாமாம்.

ஆறு மைல் யார் அனுப்புவார்கள்? இருபத்து மூன்று பேரும் ஆடு மேய்ப்பார்கள். மூன்று வருஷப் படிப்பும் வீணாய்ப் போகும். பதினொரு வயதில் தாலியறுத்து வந்த என்னை அண்ணன் கோயமுத்தூருக்குப் படிக்க அனுப்பியபோது ஊர் சிரித்தது. அந்தச் சிரிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது, வந்து சேரும்.

இருபது தகப்பன்மாரையும் ஒரே இடத்தில் பார்க்க முடிவது மாநாட்டில்தான். இன்ஸ்பெக்டரைக் கடைசி நாளுக்கு அழைக்கலாம்.

பவ வருஷம், சித்திரை 1

கனி பார்த்தோம். மாம்பழம், கண்ணாடி, நங்கையாவின் முகம். இந்த வரிசையில்.

சித்திரை 2

தபாலாபீஸ் சாந்தம்மாள் பாயசம் கொடுத்தனுப்பினாள். மலையாளத்தாருக்கு விஷு இன்றுதானாம். நாங்கள் நேற்றே பார்த்து முடித்த கனியை இன்று பார்க்கிறார்கள். இவர்களுக்கு எல்லாம் ஒரு நாள் பிந்தித்தான் என்று நங்கையாவிடம் சொல்லிச் சிரித்தேன். பாயசம் நன்றாக இருந்தது.

சித்திரை 4

நோட்டீசு அச்சாகி வந்தது. சித்திரை 22 முதல் 28 வரை. அண்ணன் எழுதியதில் மூன்று பிழை இருந்ததை முன்பே திருத்தியிருந்தேன். இந்த வீட்டில் தப்பில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி.

இன்ஸ்பெக்டருக்கு மலையாளத்தில் நானே எழுதினேன். சர்க்கார் கச்சேரியில் மலையாள மாதம்தான் செல்லும். மேடம் 28-ஆம் தேதி காலை திட்டுக்கு எழுந்தருள வேண்டும் என்று.

சித்திரை 9

கைதூக்கும் விவகாரம். பள்ளிக்கூடத் தீர்மானத்துக்கு முதலில் கையைத் தூக்குவது யார்? தங்கை காரியத்தைத் தானே எடுத்துவிட்டால் நாலு பேர் என்ன பேசுவார்கள் என்பது அண்ணன் கட்சி. காளிச்சாமி முதலில் தூக்கட்டும் என்கிறார். கீழ்கரையான் பள்ளிக்கூடத்துக்கு மேல்கரையான் முதலில் கைதூக்குவதா என்பது காளிச்சாமி கட்சி. சென்னிமலையே, அதாவது அண்ணனே, தூக்கட்டும் என்கிறார்.

இரண்டு பேருக்கும் கையில் ஏதோ நோவு.

சித்திரை 14

பதில் வந்துவிட்டது. 28-ஆம் தேதி வருகிறார். நாலு தடவை படித்தேன்.

சித்திரை 20

பனையோலை பன்னிரண்டு வண்டி. கோயில் அண்டா ஆறு. பிள்ளைகளுக்கு வாய்ப்பாடும் ஒரு பாட்டும் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறேன். இன்ஸ்பெக்டர் வந்ததும் புங்கமரத்தடியில் வரிசையாக நிற்க வேண்டும். அண்ணன் கூப்பிட்டால் மட்டும் நான் திட்டுக்குப் போகலாம். அவர்களே ஒப்புக்கொண்ட சலுகை.

சித்திரை 22

முதல் நாள். முன்னூறு பேருக்குச் சோறு வடித்தோம். ஆறு குறுகலானது, இக்கரையில் அடுப்படியிலிருந்தே முழு மாநாட்டையும் கேட்கலாம். தண்ணீர் மேல் பேச்சு நன்றாக வருகிறது. பேசியவர்களில் பாதிப்பேர் சொன்னதையே சொன்னார்கள். அது தண்ணீரின் குற்றமில்லை.

சித்திரை 24

வாய்க்கால் முறை பற்றி. ஒன்றும் முடியவில்லை.

சித்திரை 25

கோடைமழை. பந்தல் ஓலை பாதி ஆற்றோடு போயிற்று. வாய்க்கால் பேச்சு மட்டும் போகவில்லை.

சித்திரை 27

ஒரு வழியாக ஏற்பாடு ஆயிற்று. அண்ணனும் காளிச்சாமியும் ஒரே சமயத்தில் கையைத் தூக்குவார்கள். மணியக்காரர் மூன்று எண்ணுவார். கேட்டு நங்கையா அடுப்பை விட்டு எழுந்துபோய்ச் சிரித்துவிட்டு வந்தாள். நான் சிரிக்கவில்லை. நாளை இருபத்து மூன்று தகப்பன்மாரும் திட்டில் இருப்பார்கள். அது போதும்.

சித்திரை 28

வரவில்லை.

காலையிலிருந்து பிள்ளைகள் எண்ணெய் வைத்த தலையோடு வெயிலில் நின்றார்கள். மத்தியானம் ஒரு சின்னவள் மயங்கி விழுந்தாள். மோர் கொடுத்து உட்காரவைத்தேன். பொழுது சாயும்வரை அண்ணன் திட்டில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் வரவில்லை.

பிறகு காளிச்சாமியின் குரல் ஆற்றைத் தாண்டி வந்தது. "ஏனுங்க, பொம்பளை எழுதுன கடுதாசிய நம்பி கவருமெண்டு ஆளு வருவாருங்களா? ஒரு நாளு முச்சூடும் எங்களைக் காய வெச்சுப் போட்டீங்களே." தீர்மானம் எடுக்கப்படவில்லை. நாளை வேலந்தாவளத்தில் மாட்டுச்சந்தை. எல்லோரும் வண்டி பூட்டிப் போய்விட்டார்கள்.

அண்ணன் வீட்டுக்கு வந்தும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வருவேன்னு எழுதினாரே, கையெழுத்துப் போட்டு எழுதினாரே, அப்புறம் ஏன் வரலை? ஒரு ஆளு சொல்லியனுப்பக் கூடாதா? நான் என்ன தப்பு பண்ணினேன்?

அழுதேன். எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

சித்திரை 29

நடந்ததை வரிசையாக எழுத முயல்கிறேன்.

காலையில் வழக்கம்போல் பெண்கள் எல்லோரும் திட்டுக்குப் போனோம். எனக்குப் போக மனமில்லை. வராமலிருந்தால் அதற்கும் பேச்சு வரும் என்று போனேன். பிள்ளைகளும் வந்தார்கள். சாம்பலும் தேங்காய் நாருமாக அண்டாக்களைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தோம். நங்கையா ஓர் அண்டாவுக்குள்ளேயே இறங்கி உட்கார்ந்திருந்தாள்.

மேல்கரையிலிருந்து ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டி, குடை பிடித்து, செருப்பைச் சேவகன் கையில் கொடுத்துத் தண்ணீரில் இறங்கி வந்தார். திட்டில் ஏறினார். பந்தலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஜனங்கள் எங்கே என்று கேட்டார்.

மாநாடு நேற்றே முடிந்துவிட்டது என்றேன். அவர் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். என் கையெழுத்து. "மேடம் இருபத்தெட்டு. இன்னைக்குத்தானே மேடம் இருபத்தெட்டு?" என்றார்.

கையில் சாம்பலோடு நின்றேன். சாந்தம்மாளின் பாயசம் நினைவுக்கு வந்தது. எங்களுக்கு ஒரு நாள் பிந்தி விஷு. எங்களுக்கு ஒரு நாள் பிந்தி மேடம். அன்றைக்கு நான்தானே சிரித்தேன்! சித்திரையை அப்படியே மேடம் என்று எழுதி, கிழமையும் போடாமல் விட்டவள் நான். நான் எழுதியதை எழுத்துக்கு எழுத்து நம்பியவர் இவர் ஒருவர்தான். நேற்றெல்லாம் இவரைத் திட்டினேன்.

சந்தைக்குப் போய்விட்டார்கள், வேறொரு நாள் வாருங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தப்பு என்னுடையதுங்க. தமிழ்த் தேதியை மலையாளத் தேதியாக எழுதிவிட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மேடம் முடிய இன்னும் மூன்று நாள்தான், மறுபடி வர முடியாது, கஷ்டம்தான் என்று சொல்லிச் செருப்பைக் கேட்டுக் கையை நீட்டினார்.

அப்போது நங்கையா அண்டாவை விட்டு வெளியே வந்தாள்.

"ஏனுங்க சாமி, யாரு வந்து சொல்லோணுங்க?"

ரட்சாகர்த்தா சொல்ல வேண்டும் என்றார்.

"அப்பிடின்னா யாருங்க?"

பிள்ளைகளை வளர்த்துக் காப்பவர்கள் என்று விளக்கினார்.

"பெத்து, பாலு குடுத்து, பேனு பாத்து, இன்னைக்கு எண்ணெ வெச்சுக் கூட்டியாந்தவ அதுல சேத்தி இல்லீங்களா?"

இன்ஸ்பெக்டர் சேவகனிடமிருந்து செருப்பை வாங்கவில்லை. பையிலிருந்து விதித்தாளை எடுத்துப் படித்தார். திருப்பி இன்னொரு தடவை படித்தார். தகப்பன் என்று இதில் இல்லை என்று தனக்குத்தானே மலையாளத்தில் சொல்லிக்கொண்டார். பிறகு கவிழ்த்துப் போட்டிருந்த அண்டா ஒன்றின்மேல் உட்கார்ந்தார்.

இருபத்தொரு தாய்மார் இருந்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்து, பள்ளிக்கூடம் வேணுங்க என்று சொன்னார்கள். ஒருத்தி மட்டும் ஊட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒதுங்கிப் போனாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி வந்தாள். ரேகை வைக்க மைப்பெட்டியைத் திறந்தால் அது காய்ந்து கிடந்தது. யாரும் மைக்குக் காத்திருக்கவில்லை. எல்லோர் கட்டைவிரலிலும் அண்டாக்கரி இருந்தது.

எந்த ரேகை யாருடையது என்று தெரிய வேண்டும், பேரை எழுதுங்கள் என்று என்னிடம் எழுதுகோலை நீட்டினார். நான் வாங்கப் போனேன். அவரே கையை இழுத்துக்கொண்டு, பிள்ளைகள் எழுதட்டும் என்றார்.

எழுதினார்கள். வாய்ப்பாடு கேட்கவில்லை, பாட்டும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் அம்மா வைத்த ரேகைக்குப் பக்கத்தில் அம்மாவின் பேரை எழுதினாள். செல்லாத்தாள் எழுதி முடித்ததும் அவள் அம்மா வெகுநேரம் குனிந்து பார்த்தாள்.

"எம்பேரு இவ்வளவுதானா கண்ணு?"

"ஆமாங்கம்மா."

அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, தாளைத் தொடாமல், எழுத்தின்மேல் விரலை மட்டும் ஓட்டினாள். நான் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டேன்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது நங்கையா தானும் ரேகை வைக்க வேண்டும் என்றாள். உங்கள் பிள்ளை எது என்று கேட்டார். பிள்ளை இல்லை, எருமைகளுக்குத் தான்தான் ரட்சாகர்த்தா, மூன்று வருஷமாக அவை வெயிலில் நிற்கின்றன, இனிப் பள்ளிக்கூடமும் இல்லையென்றால் அந்த நட்டத்தை யார் கொடுப்பது என்றாள். அந்த மனிதர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். சாட்சி என்ற இடத்தில் வைக்கச் சொன்னார். அவள் பேரை நான் எழுதினேன்.

சித்திரை 30

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தப்பை முதலில் சொன்னேன். கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விட்டார். நங்கையா சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோதும் வரவில்லை.

வைகாசி 6

காளிச்சாமி வந்து சத்தம் போட்டார். தன்னைக் கேட்காமல் தன் வீட்டுப் பெண்ணிடம் ரேகை வாங்கியது என்ன நியாயம் என்று. அண்ணன் அப்போதுதான் வாயைத் திறந்தார். "மூணு எண்ணித் தூக்கறதுக்கு நாம ஆறு நாளுப் பேசுனமுங்க. அவிங்க ஒரு பொழுதுல முடிச்சுப் போட்டாங்க. போச்சாது உடுங்க."

காளிச்சாமி மோர் குடித்துவிட்டுப் போனார். அண்ணன் என்னைப் பார்த்து, "அம்மிணி, எனக்கும் ஒரு சொம்பு" என்றார். ஒன்பது நாள் கழித்து என்னோடு பேசியது அது.

வைகாசி 23

ஒப்புதல் வந்தது. ரட்சாகர்த்தாக்கள் இருபத்தொருவர் என்று உத்தரவில் இருக்கிறது. ஆணா பெண்ணா என்று அதில் இல்லை.

பவ வருஷம், பங்குனி 18

வருகிற சித்திரை மாநாட்டுக்கு நோட்டீசு எழுதக் கொடுத்தார் அண்ணன். செல்லாத்தாள் இப்போதும் கேட்கிறாள், இந்த வருஷம் இன்ஸ்பெக்டர் எட்டாம் நாள் வருவாரா என்று. அவள் அம்மா கேட்கச் சொன்னாளாம். மற்றவர்களும் கேட்டார்களாம்.

பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். சாந்தம்மாள் வீட்டுக்கும் ஆளனுப்பிக் கேட்டேன். இந்த வருஷம் சித்திரையும் மேடமும் ஒரே நாளில் பிறக்கின்றன. எங்கள் கனியும் அவர்கள் விஷுவும் ஒரே காலையில். தப்பு செய்ய வழியே இல்லை.

ஆகவே "எட்டாம் நாள்: பெண்கள் கூட்டம்" என்று நானே எழுதிச் சேர்த்தேன். அண்ணன் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார். அந்த வரியில் நின்றார். பிறகு தாளை மடித்து, அச்சாபீசுக்குப் போகும் ஆளிடம் கொடுத்துவிட்டு, "அப்பறம் அண்டாவ யாரு தேய்ப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

கூட்டம் முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றேன்.