ஏறாத போட்டோக்கள்

செவ்வாய்க்கிழமை, இரவு

எங்கள் மீனவர் சங்கத் தலைவரை நினைத்தாலே குமட்டுகிறது. எண்ணூர் கழிமுகத்தில் மறுபடியும் ஆலை கழித்துவிட்ட எண்ணெய் மிதக்கிறது. ஜனங்கள் செத்த மீனைப் படமெடுத்து, சங்கத்தின் இணையதளத்தில் புகாராக ஏற்றுகிறார்கள். அந்தத் தளத்தைப் பார்த்துக்கொள்வது நான்.

காலையில் தலைவர் வந்தார். ஆலைக்காரர்களோடு விருந்து சாப்பிட்ட ஏப்பம்.

“பிஎச்பி செட்டிங்குல ஃபைல் சைஸ கம்மி பண்ணு மாமு. போட்டோ ஏறக் கூடாது. கேட்டா சர்வர் பேஜாருன்னு சொல்லிக்கலாம்.”

புகார்ப் பக்கத்தை நேராக மூடத் துணிவில்லாத மனிதர். தளத்தை இயக்கும் பிஎச்பி அமைப்பில், எவ்வளவு பெரிய படம் ஏறலாம் என்று சொல்லும் ஒரே ஒரு வரியில் எண்ணைக் குறைத்தேன். அதன் பிறகு எந்த போன் படமும் ஏறவில்லை.

மதியம், மீன் விற்கும் கன்னியம்மா அக்கா போனோடு வந்தாள். முழங்கை வரை கறுப்பு எண்ணெய்.

“இன்னா நைனா, காலைலேந்து போட்டுகினே கீறேன், ஏற மாட்டேங்குது. என் போனு அவுட்டா?”

சொல்லிக்கொடுத்த பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை.

“போன் நல்லாத்தான் கீது யக்கா. தலைவர் அடைக்கச் சொன்னாரு, நான் அடைச்சேன்.”

“த்தூ! அந்தாளு ஒரு தலைவரு, அவனுக்கு நீ ஒரு எடுபுடியா?”

அந்த வரியின் எண்ணைப் பழைய அளவை விடப் பெரிதாக்கித் திறந்துவிட்டேன். அவள் எதிரிலேயே எல்லாப் படங்களும் ஏறின.

சாயங்காலம் தலைவர் போனில் கத்தினார்: “நாளைலேந்து ஆபீஸ் பக்கம் வராத!”

போகட்டும். அந்த ஆளுக்கு அந்த வரி எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அடைத்துத் தர வேறு ஒருவனைத் தேடுவார். கிடைப்பான். இன்று காலை நான் கிடைக்கவில்லையா?